மாநில எல்லையைத் தாண்டினால் தாதியின் பணியும் மாறுமா?

அமெரிக்காவில் டெக்சர்கானா என்றொரு நகரம் இருக்கிறது. அதன் நடுவே செல்லும் சாலைக்கு ‘ஸ்டேட் லைன் அவென்யூ’, அதாவது மாநில எல்லைச் சாலை என்று பெயர். சாலையின் மேற்குப் பக்கம் டெக்சஸ் மாநிலம். கிழக்குப் பக்கம் ஆர்க்கன்சா மாநிலம். அந்தச் சாலையைக் கடக்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தில், ஒரு தாதி எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று சொல்லும் சட்டம் மாறிவிடுகிறது.

மேற்குப் பக்கத்தில் ‘எல்.வி.என்.’ என்று அழைக்கப்படும் தாதிக்குக் கிழக்குப் பக்கத்தில் ‘எல்.பி.என்.’ என்று பெயர். பெயர் மாற்றம் சிறியதுதான். பெரிய மாற்றமும் உண்டு. ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ எனப்படும் உயர்பயிற்சித் தாதி ஒருவர் டெக்சஸில் நோயாளிக்கு மருந்து எழுதித் தர வேண்டுமானால், ஒரு மருத்துவருடன் எழுத்து மூலமான உடன்பாடு வைத்திருக்க வேண்டும். ஆர்க்கன்சாவில் 2021ஆம் ஆண்டு வந்த சட்டப்படி, மருத்துவருடன் இணைந்து போதுமான மணி நேரம் பணியாற்றிய உயர்பயிற்சித் தாதி, இனித் தனித்து இயங்க அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம்.

இரு பக்கமும் மருத்துவ அறிவியல் ஒன்றுதான். மனித உடலும் சாலைக்குச் சாலை மாறுவதில்லை. அப்படியிருக்க, சட்டம் மட்டும் ஏன் மாறுகிறது?

அதிகாரம் மாநிலத்தின் கையில்

அமெரிக்க அரசியலமைப்பின் 10ஆவது திருத்தம் 1791ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்தது. மத்திய அரசிடம் ஒப்படைக்கப்படாத, மாநிலங்களுக்கு மறுக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று அது சொல்கிறது. மக்களின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் காக்கும் பொறுப்பு இப்படித்தான் பெரும்பாலும் மாநிலங்களிடம் தங்கியது. மருத்துவத் தொழிலுக்கு உரிமம் கட்டாயம் என்று மேற்கு வர்ஜீனியா மாநிலம் சட்டம் இயற்றியபோது, அது செல்லும் என்று 1889ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலங்கள் தொழில் உரிமம் வழங்கும் முறைக்கு அந்தத் தீர்ப்பு உறுதியான அடித்தளமாக அமைந்தது.

இன்று ஒவ்வொரு மாநிலத்திலும் தாதியர் பணிக்கென்று தனிச் சட்டம் உண்டு. அதை நடைமுறைப்படுத்தத் தாதியர் வாரியமும் உண்டு. அந்தச் சட்டங்கள் முக்கியமாக நான்கு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. யார் தம்மைத் தாதி என்று அழைத்துக்கொள்ளலாம்? அதற்கு என்ன படிப்பும் தேர்வும் தேவை? உரிமம் பெற்றவர் என்னென்ன செய்யலாம்? தவறு நேர்ந்தால் வாரியம் என்ன நடவடிக்கை எடுக்கலாம்? மூன்றாவது கேள்விக்கான விடையைத்தான் ‘பணி வரம்பு’ என்கிறோம்.

பெயரைக் காப்பதில் தொடங்கியது

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் தம்மைத் தாதி என்று சொல்லிக்கொண்டு வேலை பார்க்கலாம். மருத்துவமனையில் பல ஆண்டு பயின்றவருக்கும் பயிற்சியே இல்லாதவருக்கும் உள்ள வேறுபாட்டை நோயாளி அறிய வழியில்லை. தாதியரைப் பதிவு செய்ய உலகில் முதன்முதலில் தேசியச் சட்டம் கொண்டுவந்த நாடு நியூசிலாந்து, ஆண்டு 1901. அமெரிக்காவில் வட கரோலைனா மாநிலம் 1903ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் முதல் சட்டத்தை நிறைவேற்றியது. நியூ ஜெர்சி, நியூயார்க், வர்ஜீனியா ஆகிய மாநிலங்கள் அதே ஆண்டில் பின்தொடர்ந்தன. 1923ஆம் ஆண்டுக்குள் அப்போதிருந்த 48 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வகைப் பதிவுச் சட்டம் வந்துவிட்டது.

ஆனால், அந்தத் தொடக்ககாலச் சட்டங்கள் ‘பதிவுபெற்ற தாதி’ என்ற பட்டத்தை மட்டுமே காத்தன. பதிவு செய்யாதவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளக் கூடாது. தாதி வேலை பார்ப்பதற்குத் தடையில்லை! உரிமம் இல்லாமல் அந்த வேலையையே செய்யக்கூடாது என்ற முதல் சட்டத்தை நியூயார்க் 1938ஆம் ஆண்டில்தான் இயற்றியது. பட்டத்தைக் காப்பதிலிருந்து பணியைக் காப்பதற்கு வந்து சேர 35 ஆண்டுகள் ஆயின.

கணினி எப்போது போதும் என்கிறது?

சட்டங்கள் வேறுபட்டாலும், ஒரு விஷயத்தில் எல்லா மாநிலங்களும் ஒன்றுபடுகின்றன. பதிவுபெற்ற தாதி ஆவதற்கு ‘என்கிளெக்ஸ்’ என்ற ஒரே தேர்வைத்தான் எழுத வேண்டும். 1994ஆம் ஆண்டு முதல் அது கணினியில் நடைபெறுகிறது. அது நடைபெறும் விதம் நம் பள்ளித் தேர்வுகளைப் போன்றதன்று.

நண்பரிடம் 1 முதல் 100 வரை ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். “50க்கு மேலா?” என்று கேளுங்கள். ஆம் என்றால், “75க்கு மேலா?” என்று கேளுங்கள். ஒவ்வொரு கேள்வியும் வாய்ப்புகளைப் பாதியாகக் குறைக்கும். ஏழே கேள்விகளில் விடை கிடைத்துவிடும். ஏனென்றால் 2ஐ ஏழு முறை பெருக்கினால் 128 வருகிறது. அது 100ஐ விடப் பெரிய எண்.

என்கிளெக்ஸ் தேர்வின் கருத்தும் இதற்கு நெருக்கமானது. ஒவ்வொரு வினாவின் கடினமும் முன்கூட்டியே அளக்கப்பட்டிருக்கும். சரியாக விடையளித்தால் சற்றுக் கடினமான வினா வரும். தவறினால் சற்று எளிதான வினா வரும். ஒவ்வொரு விடைக்குப் பிறகும் கணினி அந்த மாணவரின் திறனைப் புதிதாகக் கணக்கிடுகிறது. மாணவரின் திறன் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறது அல்லது கீழே இருக்கிறது என்று 95 விழுக்காடு உறுதியானதும் தேர்வு முடிந்துவிடும்.

இப்போதைய விதிப்படி குறைந்தது 85 வினாக்கள், அதிகபட்சம் 150 வினாக்கள். அவற்றுள் 15 வினாக்களுக்கு மதிப்பு கிடையாது. வருங்காலத் தேர்வுகளுக்கான புதிய வினாக்களின் கடினத்தை அளக்கவே அவை சேர்க்கப்படுகின்றன. ஆனால், எந்த 15 என்று மாணவருக்குத் தெரியாது. 85ஆவது வினாவோடு கணினி நின்றுவிட்டால் மாணவர் தேர்ச்சி பெற்றிருக்கலாம், தவறியும் இருக்கலாம். அதிக வினாக்கள் வந்தன என்றால், அவருடைய திறன் கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் கணினியால் எளிதில் முடிவெடுக்க முடியவில்லை என்று பொருள்.

அளப்பது வேறு, புரிந்துகொள்வது வேறு

தேர்வில் தேறியாயிற்று. இனித் தாதி என்ன செய்யலாம்? எல்.பி.என். அல்லது எல்.வி.என். தாதியின் பயிற்சி ஏறத்தாழ ஓராண்டு. பதிவுபெற்ற தாதியின் படிப்பு இரண்டு முதல் நான்கு ஆண்டுகள். பொதுவாக, முதல் வகைத் தாதி நோயாளியின் நிலையைக் கவனித்துப் பதிவு செய்து, மற்றவர் வழிகாட்டுதலின்கீழ் பராமரிப்பு அளிப்பார். நோயாளியின் முழு நிலையையும் மதிப்பிட்டுப் பராமரிப்புத் திட்டம் வகுப்பது பதிவுபெற்ற தாதியின் பொறுப்பு.

இந்தப் பிரிவு எதற்காக? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்த நோயாளி ஒருவரின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 88 ஆக இருந்து 112க்கு உயர்கிறது. ரத்த அழுத்தம் சற்றே இறங்குகிறது. சிறுநீர் குறைகிறது. தோல் குளிர்ந்திருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாதாரணக் காரணம் சொல்லிவிடலாம். நான்கையும் சேர்த்துப் பார்த்தால் வேறு கதை தெரியும். உடலுக்குள் எங்கோ ரத்தம் கசியலாம். குறைந்துபோன ரத்தத்தைக் கொண்டு உடல் முழுவதையும் காப்பாற்ற இதயம் வேகமாகத் துடிக்கிறது. சிறுநீரகம் நீரைச் சேமிக்கிறது. தோலுக்குச் செல்லும் ரத்தக்குழாய்கள் சுருங்கி, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைத் திருப்பிவிடுகின்றன. எண்களை அளக்கப் பலராலும் முடியும். எண்களைச் சேர்த்துப் பார்த்து, மருத்துவரை உடனே அழைப்பதற்கு உடலியல் அறிவு வேண்டும். அதனால்தான் சட்டம் கை வேலைக்கு மட்டுமின்றி, முடிவெடுக்கும் பொறுப்புக்கும் எல்லை வகுக்கிறது.

ரத்தக்குழாய் வழியாக மருந்து செலுத்துவதிலும் இதே கவலைதான். விழுங்கிய மாத்திரை குடலில் கரைந்து ரத்தத்தில் கலக்க நேரமாகும். ரத்தக்குழாயில் ஊசி மூலம் தள்ளிய மருந்து ஒரு நிமிடத்துக்குள் உடல் முழுவதும் சுற்றிவந்துவிடும். திரும்ப எடுக்க வழியில்லை. ஆகவே எல்.பி.என். தாதி இந்த வேலையைச் செய்யலாமா என்பதில் மாநிலங்கள் வேறுபடுகின்றன. சில மாநிலங்கள் கூடுதல் பயிற்சிக்குப் பின் அனுமதிக்கின்றன. சில மாநிலங்கள் குறிப்பிட்ட மருந்துகளுக்கோ முறைகளுக்கோ தடை விதிக்கின்றன.

மருத்துவர் இல்லாத ஊரில்

1965ஆம் ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து ஒரு புதிய பயிற்சியைத் தொடங்கினர். மருத்துவர் போதாத பகுதிகளில் குழந்தைகளைப் பரிசோதித்துப் பராமரிக்கத் தாதியருக்கு மேற்பயிற்சி அளிப்பது அதன் நோக்கம். நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பணி அங்கே பிறந்தது. நோயைக் கண்டறிவதும் சிகிச்சை அளிப்பதும் இத்தகைய தாதியின் பணி வரம்புக்குள் வரும் என்று முதலில் சட்டத்தில் ஏற்றுக்கொண்ட மாநிலம் ஐடஹோ; ஆண்டு 1971.

இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இவர்கள் மருத்துவர் மேற்பார்வையின்றிப் பரிசோதிக்கவும் மருந்து எழுதவும் முடியும். சில மாநிலங்கள் உடனே இந்த உரிமையைத் தருகின்றன. சில மாநிலங்கள் அனுபவத்துக்குப் பிறகு தருகின்றன. நியூயார்க் 2022ஆம் ஆண்டில், 3,600 மணி நேரத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர்களுக்குக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. கலிபோர்னியா 2020ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின் மூலம் படிப்படியாகக் கதவைத் திறந்தது. டெக்சஸ் இன்னும் உடன்பாடு கேட்கிறது.

எதிர்க்கும் மருத்துவர்களின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்க மருத்துவர் பட்டப்படிப்புக்குப் பின் 4 ஆண்டுகள் மருத்துவக் கல்லூரியில் பயில்கிறார். அதன்பின் குறைந்தது 3 ஆண்டுகள் மருத்துவமனையில் பயிற்சி பெறுகிறார். உயர்பயிற்சித் தாதியின் பயிற்சி அதைவிடக் குறுகியது. அரிய நோய் ஒன்று சாதாரணக் காய்ச்சல்போல வேடமிட்டு வந்தால் யார் கண்டுபிடிப்பார் என்று அவர்கள் கேட்கிறார்கள். ஆதரிப்பவர்களின் கேள்வி வேறு: மருத்துவரே இல்லாத கிராமத்தில் நோயாளி யாரிடம் போவார்? அங்கே தாதிக்கு மாற்று மருத்துவர் அல்லர். நீண்ட பயணமோ, சிகிச்சையே இல்லாத நிலையோதான்.

இப்படிப்பட்ட வழக்கை ஆய்வால் தீர்க்க முடியுமா? 2000ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு வெளியானது. 1,316 நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதியினர் உயர்பயிற்சித் தாதியரிடமும் மற்றவர்கள் மருத்துவர்களிடமும் அனுப்பப்பட்டனர். இரு சாராரும் ஒரே அளவு அதிகாரத்துடன் பணியாற்றினர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, நோயாளிகளின் உடல்நிலை இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

குலுக்கல் முறை எதற்கு? நோயாளிகளே தேர்ந்தெடுத்தால், நோய் முற்றியவர்கள் மருத்துவரிடமும் லேசான நோயுள்ளவர்கள் தாதியிடமும் போகலாம். அப்போது ஒப்பிடுவதில் பொருளில்லை. குலுக்கல் அந்தச் சாய்வை நீக்குகிறது. அதே வேளையில், ஆய்வின் எல்லையையும் கவனியுங்கள். ஒரு நகரம், ஆறு மாதம், பொதுவான வெளிநோயாளர் சிகிச்சை. ‘இந்தச் சூழலில் வேறுபாடு தெரியவில்லை’ என்று அது சொல்கிறது. ‘எல்லா நோய்க்கும் எங்கும் இருவரும் ஒன்றே’ என்று சொல்லவில்லை. சான்று ஒன்றாக இருந்தும் சட்டமன்றங்கள் வெவ்வேறு முடிவுக்கு வருவதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

எல்லை தாண்டும் உரிமம்

ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி உரிமம் என்றால் தாதி எப்படி இடம் மாறுவார்? இதற்காக 2000ஆம் ஆண்டில் தாதியர் உரிம உடன்படிக்கை ஒன்று நடப்புக்கு வந்தது. இப்போது 40க்கும் மேற்பட்ட மாநிலங்களும் ஆட்சிப் பகுதிகளும் அதில் சேர்ந்துள்ளன. தாதி தாம் வசிக்கும் மாநிலத்தில் பெறும் ஒரே உரிமம் மற்ற உறுப்பு மாநிலங்களிலும் செல்லும். டெக்சஸும் ஆர்க்கன்சாவும் உறுப்பினர்கள். ஆகவே டெக்சர்கானாவில் பதிவுபெற்ற தாதி சாலையின் இரு பக்கமும் வேலை செய்யலாம். கலிபோர்னியாவும் நியூயார்க்கும் இதில் சேரவில்லை. நர்ஸ் பிராக்டிஷனர்களின் உரிமத்துக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது.

உரிமம் செல்லும் என்பதால் பணி வரம்பும் கூடவே பயணம் செய்யும் என்று எண்ணிவிடக்கூடாது. மலேசிய வாகன உரிமத்துடன் ஒருவர் சிங்கப்பூருக்குக் காரோட்டிச் செல்லலாம். ஆனால், நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பழகியவர் சிங்கப்பூர் விரைவுச்சாலையில் 90க்கு மேல் போனால் அபராதம்தான். தாதிக்கும் அப்படியே: உரிமம் சொந்த மாநிலத்தினுடையது, பின்பற்ற வேண்டிய சட்டம் நோயாளி இருக்கும் மாநிலத்தினுடையது. தொலைபேசியிலோ காணொளியிலோ ஆலோசனை சொன்னாலும் இதே விதி. ஒஹாயோவில் அமர்ந்திருக்கும் தாதி கலிபோர்னியாவில் இருக்கும் நோயாளிக்கு ஆலோசனை வழங்கினால், பணி நடந்த இடம் கலிபோர்னியா.

சட்டம் தவறும்போது

2023ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க அதிகாரிகள் 25 பேர்மீது வழக்குத் தொடுத்தனர். ஃபுளோரிடாவில் மூன்று தாதிமைப் பள்ளிகளின் பெயரில் 7,600க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டிருந்தன. அவற்றை வாங்கியவர்களில் ஏறத்தாழ 2,400 பேர் என்கிளெக்ஸ் தேர்வில் தேறியும்விட்டனர். பல மாநில வாரியங்கள் அவர்களைத் தேடி உரிமங்களை ரத்து செய்யத் தொடங்கின. தேர்வில் தேறினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். திரையில் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பவர், மூச்சுத் திணறும் நோயாளியின் அருகில் ஒரு முறையும் நின்றிருக்காமல் இருக்கலாம். கண்காணிப்பின்கீழ் நோயாளிகளைப் பராமரித்த மணி நேரங்களைத் தேர்வு அளப்பதில்லை. அவற்றுக்குப் பள்ளியின் சான்றிதழ்தான் சாட்சி.

உண்மையான பயிற்சி பெற்றவரும் தவறலாம். 2017ஆம் ஆண்டில் டென்னசி மாநிலத்தில் ஸ்கேன் எடுக்கவிருந்த 75 வயது நோயாளிக்குப் பதற்றம் தணிக்கும் மருந்து எழுதப்பட்டிருந்தது. மருந்துப் பெட்டகத்தின் கணினியில் மருந்தின் பெயரில் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டிய தாதி, அதே எழுத்துகளில் தொடங்கும் வேறொரு மருந்தை எடுத்துவிட்டார். அது தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து. மூச்சு விடுவதற்கும் தசைகள் வேண்டும் அல்லவா? நோயாளி இறந்தார். தாதி தவற்றை உடனே ஒப்புக்கொண்டார். மாநில வாரியம் முதலில் நடவடிக்கை எடுக்கவில்லை. 2021ஆம் ஆண்டில் உரிமத்தைப் பறித்தது. 2022ஆம் ஆண்டில் குற்றவியல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து, 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது.

தவற்றைச் சொன்னால் சிறை என்றால் இனி யார் வாய் திறப்பார் என்று நாடெங்கும் தாதியர் கேட்டனர். தவறுகள் மறைக்கப்பட்டால், பெட்டகத்தின் குறையும் எச்சரிக்கைகளைத் தாண்டிச் செல்லும் பழக்கமும் திருத்தப்படாமலே போகும். 2024ஆம் ஆண்டில் அண்டை மாநிலமான கென்டக்கி, சுகாதாரப் பணியாளர் வேண்டுமென்றே செய்யாத தவற்றுக்குக் குற்றவியல் பொறுப்பிலிருந்து பாதுகாப்பளிக்கும் சட்டத்தை இயற்றியது. கடும் அலட்சியத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இங்கேயும் மாநில எல்லை விதியை மாற்றிவிட்டது.

நம் நாடுகளில்

மலேசியாவும் மாநிலங்களின் கூட்டமைப்புதான். ஆனால், மருத்துவமும் சுகாதாரமும் இங்கே மத்திய அரசின் பட்டியலில் உள்ளன. 1950ஆம் ஆண்டின் தாதியர் சட்டத்தின்கீழ் இயங்கும் மலேசியத் தாதியர் வாரியமே பதிவைக் கவனிக்கிறது. ஜொகூரிலிருந்து கெடாவுக்கு மாறும் தாதி புதிய உரிமம் தேட வேண்டியதில்லை. சிங்கப்பூரிலும் ஒரே வாரியம்தான். உயர்பயிற்சித் தாதியருக்கான தனிப் பதிவேடு அங்கே 2006ஆம் ஆண்டில் தொடங்கியது.

ஒரே சட்டம் என்றால் குழப்பம் குறைவு. மாநிலத்துக்கொரு சட்டம் என்றால் ஐடஹோ செய்ததுபோல ஒரு மாநிலம் புதியதை முயன்று பார்க்கலாம். மற்றவை அதன் விளைவைக் கவனிக்கலாம். இரண்டிலும் நன்மையும் உண்டு, விலையும் உண்டு. தாதிமைத் துறையில் சேர விரும்பும் மாணவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: பட்டம் வாங்கும் நாளோடு படிப்பு முடிவதில்லை. பணி செய்யும் நாட்டில், பணி செய்யும் இடத்தில், உங்கள் கைக்கு எதுவரை அனுமதி என்பதையும் படித்தாக வேண்டும். நோயாளி உங்களிடம் கையை நீட்டும்போது அந்த எல்லை உங்களுக்குத் தெரியும் என்று நம்பித்தான் நீட்டுகிறார்.